எரிமலை அடிவாரத்துக்கு மீண்ட குடிகள்

நாற்புறமும் நீராற் சூழப்பட்ட நிலமே தீவு என்று இளமையிற் பள்ளிக்கூடத்திற் படித்தோம். அந்த இலக்கணம் எல்லாத் தீவுகளுக்கும் பொருந்தும். ஆனால் சில தீவுகளுக்கு அது போதாது. அடுத்த ஊருக்குச் செல்வதற்கு ஆயிரத்தைந்நூறு மைல் கடலைக் கடக்க வேண்டிய ஒரு தீவில் வாழ்வோரின் தனிமையை அந்த இலக்கணம் எங்ஙனம் உணர்த்தும்?

தென் அத்திலாந்திக் சமுத்திரத்திலுள்ள திரிஸ்டன் டா குன்யா அத்தகையதொரு தீவு. அதற்கு வடக்கே ஏறக்குறைய 1,500 மைல் தொலைவில் சென் ஹெலினா தீவும், கிழக்கே ஏறக்குறைய 1,750 மைல் தொலைவில் ஆபிரிக்காவின் தென்கோடியிலுள்ள கேப்டவுன் நகரமும் இருக்கின்றன. மக்கள் குடியிருக்கும் தீவுகளுள் உலகிலேயே மிக ஒதுங்கியது இதுவே. விமானத்தளம் அங்கு இன்றுவரை இல்லை. கேப்டவுனிலிருந்து கப்பல் சென்று சேர ஒரு வாரமளவு ஆகும்.

1961 ஆம் ஆண்டில் இத்தீவின் எரிமலை வெடித்தது. தீவிலிருந்த குடிகள் ஒருவர் விடாது அனைவரும் வெளியேற்றப்பட்டனர். மின்னொளியும் வைத்தியசாலையும் நல்ல சம்பளமும் உள்ள இங்கிலாந்தில் அவர்களுக்கு இடமளிக்கப்பட்டது. அப்படியிருந்தும் இரண்டாண்டு கழிவதற்கு முன்னரே, அவர்களுட் பெரும்பாலோர் தங்களைத் துரத்திய அதே மலையின் அடிவாரத்துக்கு விரும்பித் திரும்பிச் சென்றனர். ஏன் சென்றனர் என்பதை ஆராய்வதே நமது நோக்கம்.

மலையே தீவு

திரிஸ்டன் தீவில் எரிமலை உண்டு என்று சொல்வதிலும், அந்த எரிமலையே தீவு என்று சொல்வதே பொருந்தும். சமுத்திரத்தின் அடித்தளத்திலிருந்து எழுந்த ஒரு பெருமலையின் மேற்பகுதியே நீருக்கு மேலே தீவாகக் காட்சியளிக்கிறது. அதன் பரப்பு ஏறக்குறைய 38 சதுர மைல். சிகரத்தின் உயரம் 6,700 அடிக்கு மேல். கரையின் பெரும்பகுதியில் செங்குத்தான பாறைகள் கடலிலிருந்து நேரே சுவர்போல் எழுந்து நிற்கின்றன. வடமேற்கில் மட்டும் மலைக்கும் கடலுக்கும் இடையில் ஒடுங்கிய சமநிலம் ஒன்று உண்டு. தீவின் ஒரேயொரு ஊர் அங்கேதான் இருக்கிறது.

1506 ஆம் ஆண்டில் போர்த்துக்கேயத் தளபதி ஒருவர் இத்தீவைக் கண்டு, தமது பெயரை அதற்குச் சூட்டிச் சென்றார். அவர் கரையிறங்கவில்லை. அதன்பின் முந்நூறு ஆண்டுகள் வரையில் அங்கே நிலையான குடியேற்றம் எதுவும் அமையவில்லை. நெப்போலியன் சென் ஹெலினாத் தீவிற் சிறைவைக்கப்பட்டபோது, அவரை மீட்க எவரேனும் திரிஸ்டனைப் பயன்படுத்தக்கூடும் என்று அஞ்சிய பிரித்தானியர், 1816 ஆம் ஆண்டில் அங்கே ஒரு சிறு படையை நிறுத்தினர். மறுவருடமே அப்படை திருப்பி அழைக்கப்பட்டது. ஆனால் ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த வில்லியம் கிளாஸ் என்னும் படைவீரர், தம் மனைவி மக்களுடன் அங்கேயே தங்கிவிட அனுமதி பெற்றார். கல்வேலை தெரிந்த இருவரும் அவருடன் தங்கினர்.

அவர்கள் 1817 ஆம் ஆண்டில் ஓர் உடன்படிக்கை எழுதிக் கையொப்பமிட்டனர். கால்நடைகளும் பண்டங்களும் யாவருக்கும் சமமாக உரியவை. வரும் இலாபமும் ஏற்படும் செலவும் சமமாகப் பகிரப்படும். ஒருவருக்கும் மற்றவர்மேல் அதிகாரம் இல்லை என்பதே அதன் சாரம். விரல்விட்டு எண்ணத்தக்க சிலர் ஒரு தாளில் எழுதிவைத்த அந்த வாசகம், பின்னர் ஒரு சமூகத்தின் இயல்பாகவே ஆகிவிட்டது. இதனை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். நாம் பின்னர் சொல்லப்போகும் விடயத்துக்கு இதுவே அத்திவாரம்.

1827 ஆம் ஆண்டில், தனியராயிருந்த ஆடவர்களை மணப்பதற்கு சென் ஹெலினாவிலிருந்து ஐந்து பெண்கள் கப்பலேறி வந்தனர். முன்பின் காணாத ஆடவரை நம்பி, முன்பின் காணாத தீவுக்கு வந்த அப்பெண்களின் துணிவை என்னென்பது! பின்னர் கப்பலுடைந்து கரையொதுங்கியோரும் திமிங்கில வேட்டைக்கு வந்தோரும் அங்கே குடியமர்ந்தனர். ஒல்லாந்தர் ஒருவர் 1836 இல் இவ்வாறு வந்தார். 1892 இல் இத்தாலியக் கப்பலொன்று தீப்பற்றிக் கரைதட்டியபோது வந்தவர்களுள் இருவர் தங்கினர். கிளாஸ், சுவெயின், கிரீன், ரொஜர்ஸ், ஹேகன், ரெப்பெட்டோ, லவரெல்லோ என்னும் ஏழு குடும்பப் பெயர்களுக்குள் அச்சமூகம் முழுவதும் அடங்கிவிட்டது. 1867 இல் எடின்பரோக் கோமகன் வந்துபோனதன் நினைவாக ஊருக்கு 'ஏழ்கடல் எடின்பரோ' என்னும் அழகிய பெயர் உண்டாயிற்று.

கிழங்கும் படகும்

அங்கே வாழ்க்கை இலகுவாக இருந்ததில்லை. நெல்லோ கோதுமையோ அத்தீவுக்கு உதவுவதில்லை. உருளைக்கிழங்கே உயிர். ஊருக்கு மேற்கே சில மைல் தூரத்திற் கற்சுவர்களால் அடைக்கப்பட்ட சிறு தோட்டங்களில் ஒவ்வொரு குடும்பமும் தனது கிழங்கைப் பயிரிட்டது. நாணயம் வழங்காத அக்காலத்தில் கிழங்கே பண்டமாற்றுக்கும் உதவியது. 1946 ஆம் ஆண்டில் தீவுக்கெனத் தபால்தலை வெளியிடவேண்டுமென்று கோரி மாதிரித் தலைகள் வரையப்பட்டபோது, அவற்றுள் ஒன்றின் விலை 'ஒரு பென்னி அல்லது நான்கு உருளைக்கிழங்கு' என்று குறிக்கப்பட்டிருந்தது!

ஆடவர் மரச்சட்டத்தின்மேல் தடித்த துணியைப் போர்த்து வர்ணம் பூசிய நீண்ட படகுகளைத் தாமே கட்டி, பெருங்கடலிற் செலுத்தினர். பெண்டிர் ஆட்டுமயிரைச் சிக்கெடுத்து, நூற்று, காலுறையும் மேற்சட்டையும் பின்னினர். அருகிலுள்ள, மக்கள் குடியில்லாத நைற்றிங்கேல் தீவுக்குப் படகிற் சென்று கடற்பறவைகளின் முட்டையும் கொழுப்பும் கொண்டுவந்தனர். கல்லாற் சுவரெழுப்பி, நீண்ட நார்ச்செடியின் இலைகளாற் கூரை வேய்ந்த தாழ்ந்த வீடுகளில் அவர்கள் வாழ்ந்தனர்.

கடல் அவர்களை ஊட்டியதுபோலவே வாட்டவும் செய்தது. 1885 நவம்பரில், தூரத்திற் கண்ட கப்பலொன்றை நோக்கிப் பண்டமாற்றுக்காகப் படகேறிய பதினைந்து ஆடவர் திரும்பி வரவேயில்லை. ஊரின் உழைப்பாளிகளுட் பெரும்பாலோரை ஒரே நாளிற் கடல் விழுங்கியது. தாலியறுத்த பெண்களும் தந்தையிழந்த பிள்ளைகளும் நிறைந்த ஊராயிற்று அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தீவை விட்டு ஆபிரிக்காவின் தென்முனைக்கு வந்து குடியேறுமாறு பிரித்தானிய அரசு அவர்களை அழைத்தது. அவர்கள் மறுத்துவிட்டனர். முதலாம் உலகப்போர் முடிவுற்ற செய்திகூட 1919 இல் ஒரு போர்க்கப்பல் வந்து சொன்ன பின்னரே அவர்களுக்குத் தெரியும்!

இரண்டாம் உலகப்போரின்போது 1942 இற் பிரித்தானியக் கடற்படை அங்கே வானிலை, வானொலி நிலையமொன்றை அமைத்தது. போருக்குப்பின் தீவைச் சூழ்ந்த கடலிற் கிடைக்கும் சிங்க இறாலைப் பதனிட்டு ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலை வந்தது. அதனோடு கூலியும் பணமும் வந்தன. நிருவாக அதிகாரியும் வைத்தியரும் ஆசிரியரும் வெளியிலிருந்து வந்தனர். நூற்றைம்பது ஆண்டாக மெல்ல நகர்ந்த வாழ்க்கை சற்று விரைவெடுத்த அந்தக் காலத்திலேதான் நிலம் அசையத் தொடங்கியது.

மண் பிளந்த நாள்

தீவினர் தங்கள் மலை அணைந்துபோன மலையென்றே நம்பியிருந்தனர். அத்தீவு கண்டறியப்பட்ட காலந்தொட்டு அதில் எரிமலை வெடித்ததாக எவரும் எழுதிவைக்கவில்லை. ஆனால் அடியில் வெப்பம் அணைந்திருக்கவில்லை. பூமியின் உள்ளேயிருந்து இடைவிடாது வெப்பம் மேலெழும் ஓரிடத்தில் திரிஸ்டன் அமைந்திருக்கிறது. உள்ளே உருகிய பாறைக்குழம்பு ஆண்டாண்டாகச் சேர்ந்து, போக்கிடம் தேடிப் பலவீனமான பகுதியை முட்டும். அது முட்டும்போது பாறைகள் வெடிக்கும். அதுவே நில நடுக்கமாக மேலே உணரப்படும்.

1961 ஓகஸ்ட் மாதத்தில் நடுக்கங்கள் தொடங்கின. முதலில் அவை சிறு அதிர்வுகளாக இருந்தன, நாளடைவிற் பலத்தன. ஊருக்குப் பின்னாலுள்ள செங்குத்துப் பாறையிலிருந்து கற்கள் உருண்டு விழுந்தன. ஒக்டோபர் மாதத்தின் முதல் வாரம் கழிந்தபோது வீட்டுக் கதவுகள் சட்டத்தில் இறுகிக்கொண்டன. சுவர்களிலும் தரையிலும் வெடிப்புகள் தோன்றின.

ஒக்டோபர் 9 ஆம் திகதி ஊருக்குக் கிழக்கே சில நூறு யார் தூரத்திற் புல்வெளி பிளந்தது. ஒரு பக்கத்து நிலம் மேலெழுந்தது. கண்முன்னே மண் புடைத்து மேடாகியது. மேடு சில மணித்தியாலத்தில் வீடளவு உயர்ந்தது. சிகரத்திலே வெடிக்கும் என்று எதிர்பார்க்கப்படும் எரிமலை, அடிவாரத்திலே, அதுவும் குடிமனைகளின் அருகிலே, வாய் திறந்தது. தீவில் எத்தனையோ ஏகாந்தமான இடங்கள் இருக்க, மனிதர் வாழும் ஒரேயொரு சமநிலத்தையே அது தேர்ந்துகொண்டது.

நிருவாக அதிகாரியாயிருந்த பீற்றர் வீலரும் தீவினரின் தலைவரான வில்லி ரெப்பெட்டோவும் மக்களைக் கூட்டி ஆலோசித்தனர். உடனே ஊரைவிட்டு நீங்குவதென்று தீர்மானமாயிற்று. கிழவர்களையும் நோயாளரையும் கைக்குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு, அனைவரும் கிழங்குத் தோட்டங்களை நோக்கி நடந்தனர். அங்கிருந்த சிறு குடிசைகளில் அந்த இரவைக் கழித்தனர். குளிரும் காற்றும் நிறைந்த இரவு. பின்னால் விட்டுவந்த ஊர் விடியும்வரை இருக்குமா என்று ஒருவருக்கும் தெரியாது.

மறுநாள், தீவினருகே சிங்க இறால் பிடித்துக்கொண்டிருந்த 'திரிஸ்டானியா', 'பிரான்செஸ் ரெப்பெட்டோ' என்னும் இரு கப்பல்கள் உதவிக்கு வந்தன. தங்கள் படகுகளில் ஏறி, அலைகளிடையே கப்பல்களை அடைந்த மக்கள் நைற்றிங்கேல் தீவிற் சேர்க்கப்பட்டனர். பறவை முட்டை எடுக்கச் செல்லும்போது தங்குவதற்கென அங்கே போட்டிருந்த கொட்டில்களே அன்றிரவு அவர்களுக்குப் புகலிடமாயின. ஒக்டோபர் 11 ஆம் திகதி 'சிசாடனே' என்னும் ஒல்லாந்தப் பயணிகள் கப்பல் அவர்களை ஏற்றிக்கொண்டு கேப்டவுனுக்குப் புறப்பட்டது.

தீவினர் 264 பேர். அவர்களுள் ஓருயிர்கூட எரிமலைக்குப் பலியாகவில்லை. அதிகாரிகள் காலந்தாழ்த்தாது முடிவெடுத்ததும், கடலையும் படகையும் அறிந்த மக்கள் பதற்றமின்றி ஒருவருக்கொருவர் உதவியதும், கப்பல்கள் அருகில் இருந்ததும் சேர்ந்து விளைத்த நன்மை இது.

மக்கள் நீங்கிய பின்னர் மலைக்குழம்பு வெளிப்பட்டது. அது தண்ணீர்போல் ஓடும் தன்மையது அன்று. அடுப்பிற் கிண்டிய களிபோல் இறுகியது. ஆகையால் முதலிலே குவிந்து மேடாகி, பின்னர் மெல்ல மெல்லக் கடலை நோக்கி நகர்ந்தது. வழியிலிருந்த சிங்க இறால் தொழிற்சாலையை மூடியது. படகுகளை இழுத்தேற்றும் கடற்கரைகளையும் மூடியது. ஆனால் ஊரின் எல்லையளவில் நின்றுவிட்டது. வீடுகளுள் ஒன்று எரிந்தது. ஏனையவை பெரும்பாலும் நின்ற நிலையிலேயே தப்பின.

இச்செய்தியைக் கேட்டு சென் ஹெலினாத் தீவினர் நிதி திரட்ட முனைந்தனர். திரிஸ்டன் தபால்தலைகள் நான்கின்மீது உதவி நிதிக்கான வாசகமும் மேலதிகத் தொகையும் அச்சிட்டு விற்றனர். மேலிடத்து அனுமதி பெறாத வெளியீடு என்று ஒரு வாரத்தில் விற்பனை நிறுத்தப்பட்டது. அதற்குள் விற்றவை 434 முழுத்தொகுதிகளே. அன்று ஏழைத் தீவொன்று மற்றோர் ஏழைத் தீவுக்கு நீட்டிய கையின் அடையாளமான அத்தலைகள், இன்று சேகரிப்போரிடையே பெருவிலை பெறுகின்றன.

அந்நிய நாட்டில்

கேப்டவுனிலிருந்து 'ஸ்டேர்லிங் காசில்' கப்பலில் ஏறிய தீவினர், 1961 நவம்பர் 3 ஆம் திகதி இங்கிலாந்தின் சௌதாம்டன் துறைமுகத்தை அடைந்தனர். பத்திரிகையாளரும் படம்பிடிப்போரும் கூடிநின்றனர். மகளிர் தொண்டர் சேவையினர் உடுப்பும் உணவும் கொடுத்து ஆதரித்தனர். முதலிற் சரே மாவட்டத்திலுள்ள பெண்டல் என்னும் பழைய இராணுவ முகாமிலும், 1962 ஜனவரி முதல் சௌதாம்டன் அருகே கால்ஷொட் என்னுமிடத்தில் விமானப்படையினர் முன்பு குடியிருந்த வீடுகளிலும் அவர்கள் வைக்கப்பட்டனர்.

வரவேற்பிற் குறைவில்லை. ஆனால் இங்கிலாந்தின் மாரிக்காலம் அவர்களைப் பிடித்துக்கொண்டது. தனிமையில் வாழ்ந்த சமூகத்துக்குப் பிறநாட்டு நோய்கள் பழக்கமில்லை. கப்பலொன்று வந்துபோனால் ஊர் முழுவதும் தடிமன் பிடிப்பது திரிஸ்டனில் வழக்கம். இங்கிலாந்திலோ நாள்தோறும் ஆயிரம் கப்பல் வந்ததுபோலாயிற்று. மார்புச்சளியும் காய்ச்சலும் பரவின. முதியோர் சிலர் தாய்மண்ணைக் காணாமலே கண்மூடினர். வைத்திய அறிஞர்கள் தீவினரைப் பரிசோதித்தனர். அவர்களிடையே ஆஸ்துமா என்னும் இழைப்புநோய் மிகுந்திருப்பது ஆராய்ச்சியாளரின் கவனத்தை ஈர்த்தது. ஆதிக் குடியேறிகள் சிலரிடமிருந்து வழிவழியாக வந்த அந்நோயின் மரபை அறிவதற்குப் பிற்காலத்தும் அறிஞர்கள் அத்தீவை நாடினர்.

ஆடவரும் இளம்பெண்களும் அயலிலுள்ள தொழிற்சாலைகளிலும் பிறவிடங்களிலும் வேலைக்கமர்ந்தனர். கைநிறையச் சம்பளம் கிடைத்தது. கடையிற் காணாத பண்டமில்லை. பிள்ளைகள் பெரிய பள்ளிக்கூடங்களுக்குச் சென்றனர். இளைஞர்கள் சைக்கிளையும் திரைப்படத்தையும் நடனசாலையையும் கண்டனர். இத்தகைய வசதிகளைச் சுவைத்தபின் எவர்தான் கிழங்குத் தோட்டத்துக்குத் திரும்புவார் என்று அரசாங்க அலுவலகங்களிற் பலர் எண்ணினர். அவ்வெண்ணத்திற் கெட்ட நோக்கம் எதுவும் இல்லை. ஒதுங்கிய சிறு தீவொன்றைப் பராமரிப்பது செலவான காரியம்; எரிமலையோ மீண்டும் வெடிக்கலாம். மக்கள் பத்திரமாக இருக்கட்டும் என்பது நியாயமான நினைவே.

ஆனால் அந்த நியாயத்தில் ஒரு குறை இருந்தது. எது வாழத்தக்க இடம் என்பதை வாழ்பவரைக் கேளாமல் தீர்மானிக்க முடியுமா?

தீவிலே தனது படகைத் தான் கட்டி, தனது கிழங்கைத் தான் விளைத்து, காற்றையும் கடலையும் பார்த்து இன்று எந்த வேலை என்று தானே முடிவு செய்த ஒருவன், இங்கே மணியடித்ததும் ஓடவேண்டியவனானான். ஊரிலே யாவரையும் பெயர்சொல்லி அழைத்தவன், இங்கே வீதியிற் செல்லும் ஆயிரம் பேரில் ஒருவரையும் அறியாதவனானான். எவருக்கும் எவர்மேலும் அதிகாரமில்லை என்ற உடன்படிக்கையின் வழிவந்தவன், மேற்பார்வையாளரின் கீழ் நின்றான். பணம் வந்தது, ஆனால் பணத்தால் வாங்கக்கூடியவை மட்டுமே அதனோடு வந்தன.

148 இற்கு 5

1962 இன் தொடக்கத்தில் பிரித்தானிய விஞ்ஞானிகளின் அமைப்பான ரோயல் சொசைற்றி ஓர் ஆராய்ச்சிக் குழுவைத் தீவுக்கு அனுப்பியது. வெடிப்பு தணிந்துகொண்டிருப்பதையும் ஊர் அழியாது நிற்பதையும் அக்குழு கண்டது. இச்செய்தி கால்ஷொட்டுக்கு எட்டியதும் தீவினரின் உள்ளத்தில் ஒரே எண்ணம் எழுந்தது. திரும்பிச் செல்ல வேண்டுமென்று அரசாங்கத்தை அவர்கள் இடைவிடாது கேட்டனர். அவர்களின் வற்புறுத்தலால் 1962 ஓகஸ்டிற் பன்னிரு ஆடவர் முன்னோடிகளாகப் புறப்பட்டனர். செப்டெம்பரில் அவர்கள் கரையிறங்கி, கூரைகளைச் செப்பனிட்டு, கைவிடப்பட்ட தோட்டங்களைக் கிளறிக் கிழங்கு நட்டனர்.

எனினும் அரசாங்கம் மக்கள் அனைவரின் கருத்தையும் முறைப்படி அறிய விரும்பியது. 1962 டிசெம்பரில் வயதுவந்தோர் இரகசியமாக வாக்களித்தனர். திரும்புவதற்கு ஆதரவாக 148 வாக்குகள், எதிராக ஐந்து.

இம்முடிவு இங்கிலாந்திற் பெரும் வியப்பை உண்டாக்கியது. நாகரிக உலகத்தைப் பார்த்து அதை வேண்டாமென்று ஒரு சமூகம் சொல்லிவிட்டதே என்று பத்திரிகைகள் எழுதின. ஆனால் அது நாகரிகத்துக்கு எதிரான தீர்ப்பு என்று நாம் கருதவில்லை. சிங்க இறால் தொழிற்சாலையையும் வைத்தியரையும் பள்ளிக்கூடத்தையும் வேண்டாமென்று அவர்கள் கூறியதில்லை. தங்களை ஒரு சமூகமாக வைத்திருந்த நிலத்தை இழந்தால், தாங்கள் 264 தனிமனிதராகச் சிதறிவிடுவோம் என்பதையே அவர்கள் கண்டுகொண்டனர். எரிமலையின் ஆபத்தை அவர்கள் அறியாதவரல்லர். அதன் வாயருகே நின்றவர்கள் அவர்களே. ஆபத்து இரண்டு இருந்தது. ஒன்று நெருப்பினால் வருவது. மற்றது சிதறலினால் வருவது. இரண்டையும் நிறுத்துப் பார்த்து, எது பெரிது என்று அவர்கள் முடிவு கண்டனர்.

1963 ஏப்பிரலில் முதற்பகுதியினரும், அவ்வருட நவம்பரில் 'போர்ன்ஹோம்' என்னும் டென்மார்க் நாட்டுக் கப்பலிற் பெரும்பகுதியினரும் ஊர் திரும்பினர். இங்கிலாந்திலே திருமணஞ் செய்தோரும் வேலையிலூன்றியோருமாகச் சிலர் மட்டும் பின்தங்கினர்.

திரும்பிய பின்

கதையை இவ்விடத்தில் முடித்துவிட்டால் அது இனிய கதையாக இருக்கும். ஆனால் முழு உண்மையாக இராது.

திரும்பி வந்தோர் கண்டது தாங்கள் விட்டுச்சென்ற தீவை அன்று. ஊரின் அருகே கரிய மலையொன்று புதிதாக நின்றது. படகேற்றும் கடற்கரை இல்லை. தொழிற்சாலை இல்லாமையால் வருமானமும் இல்லை. மேய்ப்பாரின்றி விடப்பட்ட ஆடுமாடுகளிலும் இழப்பு நேர்ந்திருந்தது. அன்றியும், திரும்பியவர்களே மாறியிருந்தனர். சம்பளத்தையும் கடைப்பொருளையும் பட்டணத்துப் பொழுதுபோக்கையும் அறிந்த இளைஞருக்கு ஊர் முன்னையிலும் சிறியதாகத் தோன்றியது. 1966 இற் சில குடும்பங்கள் மீண்டும் இங்கிலாந்துக்குக் கப்பலேறின. அவர்களுட் சிலர் பின்னொருநாள் மறுபடியும் தீவுக்கே வந்தனர்! இரண்டு கரைக்கும் இடையில் அலைந்த அம்மனங்களின் வேதனையை நாம் எளிதாக எண்ணிவிடலாகாது. எரிமலை எரித்தது ஒரு வீட்டை. அசைத்தது எல்லா மனங்களையும்.

எனினும் ஊர் நிலைத்தது. புதிய தொழிற்சாலை எழுந்தது. மூடப்பட்ட கடற்கரைக்கு ஈடாகக் கட்டப்பட்ட சிறு துறைமுகம் 1967 இல் திறக்கப்பட்டது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'கால்ஷொட் துறை'. தமக்கு அடைக்கலம் தந்த ஆங்கிலக் கிராமத்தின் பெயரைத் தமது வாசலிலேயே எழுதிவைத்தனர். அந்த நாட்டில் வாழ மறுத்தவர்கள், அந்த நாடு செய்த நன்றியை மறக்கவில்லை.

அதன் பின்னரும் சோதனைகள் ஓயவில்லை. 2001 இல் வீசிய பெரும்புயல் ஊரின் கூரைகளைப் பிய்த்தெறிந்தது. 2004 இல் நிலம் நடுங்கியது. கடலடியில் ஏற்பட்ட வெடிப்பினால் நுரைக்கல் மிதந்து வந்தது. உறங்கும் மலை தான் இறக்கவில்லை என்பதை நினைவூட்டியது போலும். 2008 இல் தொழிற்சாலை தீப்பற்றி எரிந்தது. மறுவருடமே வேறொன்று கட்டப்பட்டது. 2011 இற் சரக்குக் கப்பலொன்று நைற்றிங்கேல் தீவின் பாறையில் மோதி உடைந்து எண்ணெய் கசிந்தபோது, தீவினர் எண்ணெய் படிந்த பெங்குவின் பறவைகளை ஆயிரக்கணக்கிற் சேர்த்தெடுத்துக் கழுவிக் காப்பாற்ற முயன்றனர். அனைவரும் கைகொடுத்தாலன்றி அத்தகைய வேலை நடவாது.

இன்று அங்கு வாழ்வோர் 250 பேருக்கும் குறைவு. நிலம் எவர்க்கும் தனியுடைமையன்று, ஊருக்குப் பொது. வெளியார் அங்கே காணி வாங்க முடியாது. சிங்க இறாலே முக்கிய வருமானம். 2020 இல் தங்கள் தீவுகளைச் சூழ்ந்த கடலில் 687,000 சதுர கிலோமீற்றர் பரப்பைப் பாதுகாக்கப்பட்ட வலயமாக அவர்கள் அறிவித்தனர். உலகின் மிகச் சிறிய சமூகங்களுள் ஒன்று, உலகின் மிகப் பெரிய கடற்காப்பு வலயங்களுள் ஒன்றுக்குக் காவலராயிற்று. கிழங்குத் தோட்டங்களோ அதே கற்சுவர்களுக்குள் இன்றும் பச்சையாக இருக்கின்றன. 1961 இல் முளைத்த கரிய குன்றின்மேல் வந்துபோகும் பயணிகள் ஏறிப் பார்க்கின்றனர். ஊர்ப் பிள்ளைகளுக்கு அது பாட்டன் பாட்டி சொல்லக் கேட்ட கதையின் சாட்சி.

இளைஞர் குறைந்து முதியோர் பெருகும் கவலை அங்கும் உண்டு. படிக்கச் சென்றவர்கள் எல்லோரும் திரும்புவதில்லை. நெருப்பு கலைக்காத ஊரைக் காலம் மெல்லக் கலைத்துவிடுமோ என்னும் கேள்வி இன்னும் தீரவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கும் விடை சொல்லவேண்டியவர்கள் அவர்களே.

இயற்கை சீறும்போது மக்களைக் காப்பது அரசின் கடமை. அக்கடமையை அன்று பலர் செவ்வனே செய்தனர். அவர்களை நாம் வாழ்த்தவேண்டும். ஆயினும் உயிரைக் காப்பாற்றியவருக்கு அவ்வுயிர் எங்கே வாழவேண்டுமென்று விதிக்கும் உரிமை சேர்ந்து வருவதில்லை. ஆபத்திலிருந்து தூக்கியெடுத்த கை, ஆபத்து நீங்கியபின் விட்டுவிடவும் அறிந்திருக்கவேண்டும். 1962 இன் குளிர்காலத்திற் கால்ஷொட்டில் 148 பேர் சொல்லாமற் சொன்னது இதுவே. கேட்டவர்கள் செவிசாய்த்தனர், கப்பல் ஒழுங்கு செய்து அனுப்பிவைத்தனர். அதனாலன்றோ, அந்த மலையடிவாரத்தில் இன்றும் அடுப்புப் புகைகிறது.